பெண், ப்ளோ ரூம், பிளவக்கல்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
3 ஜூன் 2024

பாலகணேஷ் அண்ணனுக்கு,

உங்கள் நம்பரை ப்ளாக் பண்ணியிருக்கிறேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எவ்வளவு கோபம் இருந்தாலும் கடைசியில் ‘சரிண்ணே’ என்று சொல்லித்தான் வைப்பேன். மதுரையில் ஒன்றாக பிஎச்.டி. பண்ணிய காலத்திலிருந்தே எனக்கு இந்த வியாதி. அதனால்தான் தபால். ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான் என்று எனக்கும் தெரியும். உங்களைப் பார்க்க ஏறமாட்டேன்.

நம் கட்டுரை வெளிவந்துவிட்டது என்று நீங்கள் அனுப்பிய லிங்க்கை நம்பி, ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்கள் மில் தெருவுக்குப் போனேன். பஞ்சுத் தூசு நுரையீரலை என்ன பண்ணுகிறது என்று பார்க்கணும், இந்தக் குழாயில் ஊதுங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். நீங்கள் கல்லூரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டீர்கள். "என்ன தெரிஞ்சாலும் உங்க கையிலயே கொண்டாந்து தருவேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்களை ஊத வைத்தேன். ஷிப்ட் முடிந்து மூச்சு வாங்க வந்து நின்றவர்களையும் அந்த வாக்கைச் சொல்லித்தான் ஊத வைத்தேன்.

நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். உங்கள் வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. லிங்க்கைத் தட்டினேன். தலைப்பு வந்தது. நம் இரண்டு பேர் பெயரும் வந்தது. நாலு வரி சுருக்கம். அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். மேற்கொண்டு படிக்க டாலரில் பணம் கட்டணுமாம். உங்கள் அக்கா இருளம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏட்டி காளி, இது நீ எழுதுனதுதான? நீ எழுதுனத நீயே காசு குடுத்து வாங்கணுமா? இது என்னட்டி கூத்து?" அக்காவும் சேர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைசியாகத் திருத்தி அனுப்பிய பிரதியில் நாலாவது அட்டவணையை எடுத்தீர்களே, யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? வெளிநாட்டில் இருந்து கட்டுரையைச் சரிபார்த்த எவரோ ‘ஊர்ப்பெயர் தேவையில்லை, நீக்கவும்’ என்றதும் நீக்கிவிட்டீர்கள். நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் பேரைக்கூட அப்புறம்தான் கேட்போம், எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டு எழுதினேன். ஆணா பெண்ணா, வயசு, மில்லில் எந்தப் பகுதி, பூர்வீகம் எந்த ஊர், ஊதியதில் என்ன வந்தது. அந்த அட்டவணையில்தான் அவர்கள் மனுஷர்களாக இருந்தார்கள். அதை எடுத்துவிட்டு வெறும் சதவீதத்தை வைத்திருக்கிறீர்கள்.

கட்டுரையைத் திறந்து விடுங்கள். எப்படி என்று நீங்கள்தான் சொல்லணும்.

காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
11 ஜூன் 2024

காளீஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் எதையும் பூட்டவில்லை. அவர்கள் பூட்டோடுதான் விற்கிறார்கள். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும் படிவத்தில் உன் கையெழுத்தும் இருக்கிறது. படிக்காமல் போட்டாய் என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

திறந்து விடு என்கிறாயே, அந்த ஓப்பன் அக்சஸ் எனக்குத் தெரியாதது அல்ல. இதே இதழில் நாம் கட்டணம் கட்டியிருந்தால் உலகமே சும்மா படிக்கலாம். அந்தக் கட்டணம் நம் இரண்டு பேர் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று நீயே பார்த்துக்கொள். ஏழை நாட்டு ஆய்வாளர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்று போட்டிருந்தார்கள். வெட்கத்தை விட்டு எழுதிக் கேட்டேன். இந்தியா அந்த அளவுக்கு ஏழை இல்லையாம்.

காலையில் மெயிலைத் திறந்தால் ‘மேன்மைமிகு பேராசிரியரே’ என்று கூப்பிடும் இதழ்கள் இருக்கின்றன. கொஞ்சம் பணம் கட்டினால் இந்த வாரமே போட்டுவிடுவார்கள், யாரும் வாசித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே போட்டால் நம் ஆய்வைக் குப்பைத்தொட்டியில் போட்டதாகத்தான் அர்த்தம். பணமும் கேட்காமல் பூட்டும் போடாமல் சில பல்கலைக்கழகங்கள் நடத்தும் நல்ல இதழ்களும் உண்டு, மறுக்கவில்லை. எங்கள் கல்லூரியில் பதவி உயர்வுக்கு எண்ணும் பட்டியலில் அவை இல்லை.

மிச்சம் ஒரே வழி. சரிபார்த்துத் திருத்தி ஏற்றுக்கொண்ட பிரதி நம்மிடம் இருக்கிறது. இதழ் அச்சடித்த வடிவத்தில் இல்லாமல், நம் டைப் பிரதியாக, அதை இணையத்தில் பொதுக் களஞ்சியத்தில் நாமே வைக்கலாம். ஆனால் ஓராண்டு கழித்துத்தான். அடுத்த மே மாதக் கடைசியில் நானே ஏற்றுகிறேன். அதுவரை யாருக்கும் எதையும் அனுப்பி வைக்காதே.

அக்கா சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்.

பாலகணேஷ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
17 ஜூன் 2024

பேராசிரியர் அவர்களுக்கு,

எவ்வளவு அழகாக வகுப்பு எடுத்திருக்கிறீர்கள்! எனக்கு வாய்த்த ஒரே வழி ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ப்ளோ ரூமில் பஞ்சு பிரிக்கிறவர்களிடம் போய், ‘செத்த நேரம் மூச்சை நிறுத்திக்கோங்க, அடுத்த மே மாசம் எங்க அண்ணன் பூட்டைத் தொறப்பாக’ என்று சொல்லட்டுமா?

நானும் படிக்கத் தெரிந்தவள்தான். அந்த இதழின் விதிமுறைகளை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ஓராண்டுத் தடை, திருத்தி ஏற்றுக்கொண்ட பிரதிக்குத்தான். சரிபார்க்க அனுப்புவதற்கு முன்னால் நாம் எழுதிய முதல் பிரதி இருக்கிறதல்லவா, அதை எப்போது வேண்டுமானாலும் பொதுத்தளத்தில் போடலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பைசா செலவில்லை. இதை நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

நானே சொல்கிறேன். மில் முதலாளி உங்கள் கல்லூரிக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார். பூட்டு உங்களுக்கு வசதி. வெளிநாட்டு இதழில் கட்டுரை வந்தது என்று பதவி உயர்வுக்குக் காட்டலாம், உள்ளூரில் யாரும் படித்துவிடவும் மாட்டார்கள். உங்கள் அக்கா அந்தப் பஞ்சுக்குள் நின்று சம்பாதித்துத்தான் உங்களைப் படிக்க வைத்தது. அடுத்த அறையில் அது இருமுவது உங்கள் காதில் விழுகிறதா இல்லையா?

முதல் பிரதியைப் போடப்போகிறேன். நாலாவது அட்டவணையோடு, ஊர்ப்பெயரோடு.

காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
22 ஜூன் 2024

காளீஸ்வரி,

போடாதே.

ஆகஸ்ட் மாதம் எனக்கு இணைப் பேராசிரியர் நேர்காணல். நீ சொன்ன மனிதரும் அந்தக் குழுவில் இருக்கிறார். எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன் என்று உனக்கே தெரியும். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மில்லுக்கு விலை போய்விட்டேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். நேர்காணல் முடியும்வரை பொறு என்று கேட்பதில் என்ன பாவம் இருக்கிறது? ஆகஸ்ட் முடியட்டும், உன் கூடவே நானும் வாசலில் இறங்கி நம் தெருக்காரர்களோடு உட்கார்கிறேன். உடன் எழுதியவன் என்ற உரிமையில் கேட்கிறேன், அண்ணன் என்ற உரிமையிலும் கேட்கிறேன்.

அந்த அட்டவணையைப் பற்றியும் கொஞ்சம் யோசி.

பாலகணேஷ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1 ஜூலை 2024

அண்ணே,

போட்டுவிட்டேன்.

உடன் எழுதியவர் சம்மதம் உண்டா என்று ஒரு கட்டம் வந்தது. டிக் அடித்தேன். நீங்கள் வேண்டுமானால் என் மேல் புகார் கொடுங்கள். உங்கள் கடிதத்தில் பாவம் புண்ணியம் எல்லாம் படித்தேன். ஆகஸ்ட், நேர்காணல், நாற்காலி. ஒரு பத்தி முழுக்க அதுதான். அதைப் படித்த பிறகுதான் எனக்குத் துணிச்சலே வந்தது.

நேற்றுத் திரும்பவும் தெருவுக்குப் போயிருந்தேன். சங்க ஆபீஸ் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆளாளுக்குப் போனில் லிங்க்கைத் தட்டினார்கள், பூட்டு இல்லை, பணம் இல்லை, கட்டுரை அப்படியே திறந்தது. நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன். ப்ளோ ரூமில் நிற்கிறவர்களுக்கு மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொன்னேன். பிறகு நாலாவது அட்டவணை. ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் கல்பனா, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பிள்ளை, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். "பெண், ஐம்பத்திரண்டு, ப்ளோ ரூம், பிளவக்கல்" என்று வாசித்ததுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் திரும்பி உங்கள் அக்காவைப் பார்த்துக் கை தட்டியது. "ஏய், இது நம்ம இருளம்மா அக்கால்ல! பிளவக்கல்லுல இருந்து வந்தது இது ஒண்ணுதான!" அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "நம்ம ஊரு பேரு எங்கெல்லாம் போகுது பாருட்டி" என்றது.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
20 ஜூலை 2024

காளீஸ்வரி,

அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

வியாழக்கிழமை மில் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேஜை மேல் நம் கட்டுரை இருந்திருக்கிறது. நாலாவது அட்டவணையில் ஒரே ஒரு வரிக்கு மஞ்சள் மையால் கோடு. மானேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினாராம். "நுரையீரல் இப்படி இருக்குன்னு நீங்களே ஊதிக் காட்டியிருக்கீங்கம்மா. இதத் தெரிஞ்சுக்கிட்டு உங்கள உள்ள நிக்க விட்டா நாளைக்கு எங்க மேல பழி வரும். உடம்பு தேறுனதும் வாங்க." காண்ட்ராக்ட் ஆள்தானே, ஒரு காகிதம் கூட இல்லை. அக்கா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, "என்னலே, நான் ஊதுனது ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கு" என்றாள்.

மானேஜர் அதைப் படிக்க டாலர் கட்டவில்லை. லிங்க்கைத் தட்டியிருக்கிறார், திறந்திருக்கிறது. நீ கேட்டது அதுதானே? எல்லாருக்கும் திற என்றாய். எல்லாரிலும் அவரும் ஒருத்தர்.

அந்த வெளிநாட்டுக்காரன் ஏன் ஊர்ப்பெயரை எடுக்கச் சொன்னான் என்று இப்போது புரிகிறதா? பெயர் போடவில்லை, அதனால் யாரென்று தெரியாது என்று நீ நினைத்தாய். நம் ஊரில் எவனுக்குப் பெயர் வேண்டும்? ஊரையும் வேலையையும் சொன்னால் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவான். கை தட்டினார்களே, அப்போதாவது உனக்கு உறைத்திருக்க வேண்டாமா? படித்தவள்தானே நீ?

அதை எடு. இன்றைக்கே எடு.

பாலகணேஷ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
29 ஜூலை 2024

அண்ணே,

எடுக்க முடியவில்லை.

அந்தத் தளத்துக்கு எழுதினேன், கெஞ்சினேன். ஒருமுறை ஏற்றியதற்கு நிரந்தர எண் கொடுத்துவிட்டார்களாம், அழிக்க மாட்டார்களாம். ‘ஆசிரியர்களால் திரும்பப் பெறப்பட்டது’ என்று மேலே ஒரு முத்திரை வேண்டுமானால் குத்துவார்களாம், உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்குமாம். சரி, குத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். இப்போது சிவப்பு எழுத்தில் குத்தியிருக்கிறது. அதற்குக் கீழே அக்காவின் வரியும் இருக்கிறது. திறக்க அவ்வளவு பாடுபட்டேன், மூட வழியில்லை.

மில் கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அக்காவைப் பார்க்க உங்கள் வீட்டுக்கும் வந்தேன், நீங்கள் காலேஜுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. "வாட்டி, சாப்பிடுதியா?" என்று கேட்டது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நாலு வீட்டு ஆட்கள் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அடுத்தது யார் வரிக்குக் கோடு விழுமோ என்ற பயம் அவர்களுக்கு.

என் தப்பை நான் எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் அண்ணே, ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், உங்களிடம் நகல் இருக்கும், நீங்கள் எல்லாவற்றுக்கும் நகல் வைப்பவர். நேர்காணலுக்கு ஒரு பத்தி எழுதினீர்கள். அட்டவணைக்கு ஒரே வரி, ‘கொஞ்சம் யோசி’. என்னத்தை யோசிக்க? ‘அக்காவுக்கு வேலை போய்விடும்’ என்று எழுத உங்களுக்கு மை தீர்ந்துவிட்டதா? அதை மட்டும் எழுதியிருந்தால் நான் போட்டிருப்பேனா? உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் முதலில் உங்கள் நாற்காலியைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. எனக்குத் தெரியாமல் போன பாவம் என்னோடு. தெரிந்த பாவத்தை நீங்கள் எங்கே கொண்டுபோய்க் கரைப்பீர்கள்?

காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
4 நவம்பர் 2024

காளீஸ்வரிக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுத நாலைந்து முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் கிழித்துப் போட்டேன். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதவி உயர்வு வந்துவிட்டது. நேர்காணலில் அந்த மனிதர் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் கை குலுக்கி, "உங்க அக்கா சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார். நான் "சௌக்கியம் சார்" என்றேன்.

அக்காவுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று வக்கீல் ஐயாதுரையிடம் கூட்டிப்போனேன். பஞ்சுத் தூசால் வந்த வியாதி என்று நிரூபிக்க நம் கட்டுரையைத்தான் வைத்தோம். மில் தரப்பு என்ன பதில் கொடுத்தது தெரியுமா? இது சரிபார்க்கப்படாத பிரதி, எழுதியவர்களே திரும்பப் பெற்றதாக மேலேயே சிவப்பில் முத்திரை இருக்கிறது, இதை எப்படி ஆதாரமாக ஏற்பது? வேலையை விட்டு நிறுத்த அந்தப் பிரதி போதுமானதாக இருந்தது. நஷ்டஈடு என்றதும் செல்லாக்காசு ஆகிவிட்டது. வக்கீல் என்னைப் பார்த்து, "முத்திரை குத்தச் சொன்ன புண்ணியவான் யாரு சார்?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரும் அதில் இருக்கிறதே.

அக்கா பிளவக்கலுக்கே திரும்பிவிட்டாள். பழைய வீட்டில் இருக்கிறாள். அணைப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறதாம், என்னிடம் அப்படித்தான் சொல்கிறாள். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறேன். வீட்டில் இப்போது இருமல் சத்தம் இல்லை. எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பாலகணேஷ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12 நவம்பர் 2024

அண்ணே,

முத்திரையை எடுக்கச் சொல்லி எழுதினேன். அதையும் எடுக்க முடியாதாம்.

உங்கள் நம்பரை அன்ப்ளாக் பண்ணிவிட்டேன். பேச வேண்டாம். அக்காவுக்கு ஏதாவது என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

காளீஸ்வரி

*

ராஜபாளையம்,
2 ஜூன் 2025

காளீஸ்வரிக்கு,

போனில் சொல்ல வரவில்லை. அதனால் பழையபடி தபால்.

ஓராண்டு முடிந்தது. ‘வாழ்த்துகள், ஏற்றுக்கொள்ளப்பட்ட உங்கள் பிரதியை இனி நீங்கள் பொதுவில் பகிரலாம்’ என்று இதழிலிருந்து மெயில் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம் என்று அன்றைக்கே ஏற்றிவிட்டேன். பூட்டில்லை, கட்டணமில்லை, முத்திரையில்லை. நாலு பேர் சரிபார்த்த, யாரும் குறை சொல்ல முடியாத பிரதி. வக்கீலுக்கும் அனுப்பினேன். இது ஆதாரமாகச் செல்லும் என்றார். ஒரு நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. பிறகு அவரே கேட்டார், "பொதுவா சதவீதம்தான சார் இருக்கு, இதுல உங்க அக்கா ஊதுனாங்கங்கிறதுக்கு எங்க இருக்கு?"

அச்செடுத்து ஞாயிற்றுக்கிழமை பிளவக்கலுக்குக் கொண்டுபோனேன். உன் வாக்கு ஒன்று பாக்கி இருந்ததல்லவா, கையில் கொண்டுவந்து தருவேன் என்று. உனக்குப் பதிலாக நான் கொடுத்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூச்சு முன்னைவிட மோசம். நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் தாள்களை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

"பிளவக்கல்லுன்னு வருமேலே, அது எங்க?"

"அத எடுத்தாச்சுக்கா."

"அப்ப இதுல நான் எங்கலே இருக்கேன்?"

"இல்லக்கா."

தாள்களை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சிரிப்பாள் என்று நான் உனக்கு எழுதியிருந்தேன். செத்த நேரம் மூச்சை வாங்கி வாங்கி விட்டாள். பிறகு கேட்டாள்.

"நான் இருந்த பேப்பரு செல்லாது. செல்லுற பேப்பருல நான் இல்ல. அப்ப ரெண்டு பேரும் சேந்து என்னைய எதுக்குலே ஊதச் சொன்னீய?"

பாலகணேஷ்